நான் சொன்ன கிணற்றுக் கதை

உங்கள் தாளில் இருப்பவை நல்ல கேள்விகள்தான், அம்மா. காந்திகிராமம் காலேஜிலிருந்து இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்து, ஒரு கிழவனிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறீர்கள். போலீஸ்காரர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். பேர் என்ன, கைநாட்டா கையெழுத்தா. அதனால் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மோரைக் குடியுங்கள். உப்பு கூடக் குறைய இருந்தால் மன்னிக்க வேண்டும். இப்போதெல்லாம் நானே கரைக்கிறேன்.

குடிப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மருமகன் சடையாண்டி குடிக்க மாட்டான். டீயைக்கூட ஆறவைத்து, ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் குடிப்பான். வேலை இல்லாமல் இருந்தாரா? இல்லை. சேவுகம்பட்டியில் அவனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, நெல் வயல் உண்டு, வற்றாத கிணறு உண்டு. சிறு வயதில் வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்தவரா? அவன் அப்பன் ஏர் ஓட்டும்போது மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். சீர் குறைந்தது என்று சண்டையா? ஒரு நாளும் இல்லை. எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு, அந்த ஆள் என் மகள் கண்ணம்மாளைப் போன ஐப்பசியில் கிணற்றுக்குள் இறக்கிக் கொன்றான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இருபது வயது. அவன் மதுரை ஜெயிலில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, அம்மா. இன்னும் தாழும். ஆகையால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

பேகம்பூரில் சனாவுல்லா ராவுத்தரின் சுருட்டுக் கொட்டகையில் முப்பது வருஷம் இருந்தேன். சுருட்டு சுற்றுகிறவனுக்குக் கையிலும் கண்ணிலும் வேலை. காதும் வாயும் சும்மா கிடக்கும். நாற்பது பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு முன்னால் ஒரு பலகை, ஒரு சின்னக் கத்தி, ஈரத்துணியில் மூடிய இலை. அந்த நெடியில் பேச்சில்லாமல் உட்கார்ந்தால் பத்து மணிக்கே தலை தொங்கிவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்குப் பத்துச் சுருட்டு அவன் பங்குக்குச் சுற்றிப் போடுவார்கள். ராவுத்தருக்கும் அதில் சம்மதம். கதை ஓடுகிற நாளில் சரக்கு கூடுதலாக இறங்கும். அந்த இடத்தில் நான் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தேன். என் விரலில் கறை இல்லாததைப் பார்த்துவிட்டு, நான்தான் முதலாளி என்று கும்பிட்டுப் போன வெளியூர் வியாபாரிகள் உண்டு.

கதைக்கு ஒரே ஒரு சட்டம். கேட்கிறவன் சிரிக்கலாம், புரையேறலாம், கண்ணில் தண்ணீர் விடலாம். கை நிற்கக் கூடாது. கை நின்றால் கதை கெட்டுவிட்டது என்று அர்த்தம். என் கதைக்கு ஒரு நாளும் கை நின்றதில்லை.

ஆடிக் காற்றில் நம் திண்டுக்கல் மலைக்கோட்டை அசைய ஆரம்பித்ததையும், நான் ஒரு முனையில் கயிறு போட்டுப் பிடித்து, மறுமுனையைப் பழனிக்குப் போகிற ரயிலில் கட்டியதையும் முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். கொட்டகையில் இருந்தவர்கள் தலை நரைத்த ஆம்பிளைகள். காலையில் வீட்டில் முறைத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்தவன், ராவுத்தரிடம் ஏச்சு வாங்கியவன், எவனாக இருந்தாலும் கேட்டது ஒன்றைத்தான்.

"அண்ணே, அண்ணிய அடக்குன கதை ஒண்ணு எடுத்து விடுங்க."

எடுத்து விட்டேன். என் மனைவி சிவனம்மாள் ஒரு நாள் எதிர்த்துப் பேசினாள் என்று அவள் சடையை ஆட்டுரலில் கட்டிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு உரலோடு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். அந்த உரல் உருண்டு போன தடம்தான் இன்றைக்கு இருக்கிற வேடசந்தூர் ரோடு. சர்க்கார் தார் மட்டும்தான் ஊற்றியது. இப்படி ஒன்று.

எல்லாவற்றிலும் பேர் எடுத்தது கிணற்றுக் கதை. சித்திரை மாசம். வெஞ்சனத்தில் உப்புக் கூடிவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றில் தூர் எடுக்க ஆளை இறக்குகிற பலகை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் சிவனம்மாளை உட்கார வைத்து மெல்ல இறக்கினேன். இறக்கிவிட்டுக் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். கிணறு நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டு கிடந்தது.

இந்த இடத்தில் கொட்டகை உருண்டு சிரிக்கும். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வெளியூர். திண்டுக்கல்லில் சித்திரை மாசம் கிணற்றில் தவளைகூட இருக்காது, பிழைப்புத் தேடிக் கிளம்பிவிடும். ஒரு குடம் தண்ணீருக்கு ஜனங்கள் அரை நாள் நிற்கும் ஊர் இது. இங்கே ஒருவன் சித்திரையில் கிணறு நிறையத் தண்ணீர் என்று சொன்னால், அவன் புளுகுகிறான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இது கதை, சிரிக்கலாம் என்று நான் ஊருக்குக் கொடுத்த அடையாளம் அந்தத் தண்ணீர்தான்.

பிறகு கதை மளமளவென்று போகும். சிவனம்மாள் நீந்துகிறாள். சோப்புப் போடச் சொல்கிறாள். வெற்றிலை பாக்குக் கேட்கிறாள். சாயங்காலம் கயிறு விட்டால், "இன்னைக்கி வரல, நாளைக்கி எண்ணெ தேச்சுக் குளிக்கணும்" என்கிறாள். மூன்றாம் நாள் இரண்டு கையிலும் இரண்டு விரால் மீனோடு ஏறி வந்து குழம்பு வைக்கிறாள். அன்றையிலிருந்து என் வீட்டில் உப்பு ஒரு கல் கூடியதில்லை. கதை முடிந்தது.

சடையாண்டி ஐம்பத்தேழில் கொட்டகைக்கு வந்தான். அப்பனோடு ஏதோ மனத்தாங்கல், கொஞ்ச நாள் டவுனில் இருக்கட்டும் என்று வந்தவன். எனக்கு மூன்றாவது பாய். நன்றாகச் சிரிப்பான். மற்றவர்கள் தண்ணீர் வருகிற இடத்தில் சிரிப்பார்கள். அவன் அங்கே சிரிக்க மாட்டான். அவன் ஊர் ஆற்றுப் பாசனம், சித்திரையில் கிணறு நிறைந்து கிடப்பது அவனுக்கு அதிசயம் இல்லை. அவன் கடைசியில் சிரிப்பான், உப்புக்கு. ரசனை உள்ள பையன் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் கண்ணம்மாளை அவனுக்குக் கட்டிக் கொடுத்தேன்.

சிவனம்மாள் மட்டும் வேண்டாம் என்றாள்.

"அந்தப் பையன் சிரிக்கிறது எனக்குப் பிடிக்கல."

"சிரிக்கிறவனக் கட்டாம, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கவனையா கட்டுவாக?"

"ஒங்க கதையக் கேட்டுச் சிரிக்கிறவன் வேண்டாம்னு சொல்றேன்."

அவளுக்கு என் கதைகள் எப்போதுமே பிடிக்காது. அது அவள் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் இங்கேயே பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் அப்பன் இறந்த பிறகு சேவுகம்பட்டிக்குப் போனார்கள். கொடிக்காலுக்கு நடுவில் தனி வீடு. கத்தினால் கேட்பதற்குக் கிளி, மைனாதான் உண்டு. அக்கம்பக்கம் எப்படி என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதில் இதை எழுதுங்கள். உங்கள் தாளில் பொருந்துகிற கட்டம் இது ஒன்றுதான்.

போன வருஷம் பொங்கல் கழித்து கண்ணம்மாள் தனியாக வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அவள் அம்மா அதை விலக்கிப் பார்த்தாள். காதுக்கு மேலே ஓர் உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை.

"ஆட்டுரல்ல கட்டிட்டாரும்மா."

"எதுக்குடி?"

"பக்கத்துத் தோட்டத்து அண்ணன் குடிக்கத் தண்ணி கேட்டாரு. குடுத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கட்டிட்டு, 'நட, வேடசந்தூருக்கு நட'ன்னு சிரிக்கிறாருப்பா. நீங்க சொன்னதாம்ல."

"அது கதைம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. அவருக்குத் தெரியலையே."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவன் மேல் கோபம், அம்மா. ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு ஒரு கதையைக் கட்டி வைக்கிறான், நீ அதைத் தூக்கிக்கொண்டு போய் இப்படியா செய்வாய்? ஒரு வாரம் கழித்து அவன் வந்து வாசலில் நின்றான். இனிமேல் செய்யமாட்டேன் என்று என் காலில் விழுந்தான். அனுப்பி வைத்தேன்.

ஐப்பசியில் மறுபடியும் வந்தாள். கொட்டுகிற மழையில் வத்தலக்குண்டு வரை நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறாள். உடம்பில் அடி எதுவும் இல்லை. சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"பலக ஒண்ணு செஞ்சு வச்சிருக்காருப்பா. எழச்சு எழச்சு வழவழன்னு வச்சிருக்காரு. கெணத்து மேட்டுல சாத்தி வச்சிட்டு, தெனம் என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறாரு. ஒண்ணுஞ் சொல்றதில்ல. காட்டுறாரு, அம்புட்டுத்தான்."

"இனி இவ இங்கனதான் இருப்பா" என்றாள் சிவனம்மாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

மறுநாள் காலையில் கண்ணம்மாளை நானே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவந்தேன்.

உங்கள் முகம் மாறுகிறது. நியாயம்தான். ஆனால் என் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். முதல் தடவை வந்தபோதே கொட்டகையில் கேட்டார்கள், "என்னண்ணே, மக வந்திருக்கு போலயே" என்று. மாசி விசேஷத்துக்கு வந்தாள் என்று சமாளித்தேன். ஐப்பசியில் என்ன விசேஷம் சொல்வது? தீபாவளியும் கழிந்துவிட்டது. பொண்டாட்டியை உப்புக்காக அடக்கிய கருப்பணன், புருஷனுக்குப் பயந்து ஓடிவந்த மகளை வீட்டில் வைத்திருக்கிறான் என்றால், அதற்கப்புறம் என் கதையை எவன் கேட்பான்? எவன் எனக்குப் பத்துச் சுருட்டு சுற்றிப் போடுவான்? இருபது வருஷம் கட்டிய பேர், அம்மா.

சடையாண்டி மரியாதையாகத்தான் வரவேற்றான். இளநீர் வெட்டிக் கொடுத்தான். கிளம்பும்போது அவனும் நானும் ஒரு வார்த்தை பேசினோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலாம் நாள் ஆள் வந்து சொன்னது. மழைக்குக் கிணறு மேல்படி வரை ஏறிக் கிடந்ததாம். பலகையில் உட்கார வைத்து இறக்கி, கயிற்றை மேலே இழுத்துவிட்டு, அவன் கடைத்தெருவுக்குப் போய் டீ குடித்திருக்கிறான். ஆறவைத்துத்தான் குடித்திருப்பான். கோர்ட்டில் ஜட்ஜ் அவனைக் கேட்டார், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்று. அவன் கைகட்டி நின்று சொன்னான்:

"தெரியுங்க எசமான். எங்க அத்தை மூணு நாளு உள்ள இருந்தாகளாம்ல. இவ ஒரு மணி நேரம் இருக்க மாட்டாளான்னு நெனச்சேன்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அங்கேயே அவனைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. தெரியாதவனா அவன்? விரால் மீன் பிடித்தாள் என்பதையும், சோப்புக் கேட்டாள் என்பதையும் ஒரு மனுஷன் நம்புவானா? நம்பவில்லை. நம்பினதுபோல் வைத்துக்கொண்டான். அதற்கு என் கதை அவனுக்கு வசதியாக இருந்தது. கூலிக்குச் சொன்ன கதையைச் சாட்சிக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

கேஸ் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே, பதினாறாம் நாள் காரியம் முடித்துக் கொட்டகைக்குப் போனேன். யாரும் கதை கேட்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் நானே ரயிலில் கட்டிய மலைக்கோட்டையை ஆரம்பித்தேன். பாதியில் சிவனம்மாள் வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அந்தக் கொட்டகை வாசலை மிதித்ததில்லை. வரிசைக்கு நடுவே நடந்து வந்து என் பாய்க்கு எதிரில் நின்றாள்.

ராவுத்தர் எழுந்து வந்தார். "தங்கச்சி, உள்ள வாங்க, வீட்டம்மாட்ட ஒக்காருங்க. துக்கம் நடந்த நேரம், பெறகு பேசிக்குவம்."

"இருங்கண்ணே. இவரு இருவது வருசமாச் சொன்ன கதையை நான் ஒரு தடவ சொல்லிட்டுப் போறேன்." சத்தம் போடவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "நாப்பத்தொண்ணு, சித்திர மாசம். வெஞ்சனத்துல உப்புக் கூடிப்போச்சு. அது நெசந்தான். பலகைல ஒக்கார வச்சு எறக்குனாரு. நெசந்தான். எறங்கு எறங்குன்னு மேல இருந்து கத்துனாரு, எறங்குனேன். பலகையையும் கயித்தையும் இழுத்துட்டாரு. கெணத்துல தண்ணி இல்ல. சேறு. சேத்துல ஒரு செத்த பூன. அண்ணாந்து பாத்தா வட்டமா வானந் தெரியும், அதுல இவரு தல தெரியும். செத்த நேரத்துல தலயும் போயிருச்சு. பொழுது எறங்குற மட்டுங் கெடந்தேன். வயித்துல ஏழு மாசம்."

ஒரு பாயிலிருந்து யாரோ "போதும்த்தா" என்றார்கள்.

"போதாது. இருவது வருசம் கேட்டீகள்ல, இதையுங் கேளுங்க. வயித்துல இருந்தது கண்ணம்மா. எம்மக ரெண்டு தடவ கெணத்துக்குள்ள போனா. மொதத் தடவ நான் சொமந்து மேல கொண்டாந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் என் பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. "ஏலே கருப்பணா. இப்பச் சிரிக்கச் சொல்லு பாப்பம்."

நாற்பது கையும் நின்றன. நான் எண்ணிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். கத்தி நறுக்குகிற சத்தம் நின்றதில் தெரிந்தது.

அவள் கீரனூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ராவுத்தர் அன்று சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டார். "கருப்பணா, நாளையிலருந்து வரவேணாம்ப்பா. நானும் இருவது வருசம் சிரிச்சிருக்கேன். அல்லா என்னையும் கேப்பான்" என்றார். அவரையாவது கேட்க ஆள் இருக்கிறது. மற்றவர்களை யார் கேட்பது? அண்ணியை அடக்குன கதை, அண்ணியை அடக்குன கதை என்று தினமும் வாயைப் பிளந்தவர்கள், இன்றைக்கு என்னைத் தெருவில் கண்டால் எச்சிலைத் துப்பிவிட்டு எதிர்ச் சாரிக்குப் போகிறார்கள். அவனவன் வீட்டு ஆட்டுரலைப் போய் முகர்ந்து பாருங்கள், அம்மா. கேள்வித்தாளை அங்கே கொண்டுபோங்கள்.

சிவனம்மாள் சொன்னதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. பொழுது இறங்கும் வரை என்றாள். அது மிகை. பதினோரு மணிக்கு இறக்கியவளை நாலு மணிச் சங்குக்குத் தூக்கிவிட்டேன். உள்ளே நிழல். வெளியே வெயிலில் அலைந்தவன் நான். அந்த வருஷம் இலை வரத்து இல்லாமல் கொட்டகை அடைத்துக் கிடந்தது. எனக்கு வேலை இல்லை. என் அப்பன் என் அம்மாவைக் கமலை மாட்டுச் சாட்டையால் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் கட்டங்களெல்லாம் எனக்குப் பொருந்தும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் தாளின் மேலே சடையாண்டி பேரைத்தானே எழுதியிருக்கிறீர்கள்.

பேசிய வார்த்தையைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். சேவுகம்பட்டியில் நான் கிளம்பும்போது கண்ணம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காதில் விழும்படியே அவன் என்னிடம் கேட்டான்:

"மாமா, இவ மறுபடியும் ஓடுனா நான் என்ன செய்யட்டும்?"

கொட்டகையில் கதை கேட்கிற அதே குரல். இருபது வருஷப் பழக்கம், அம்மா. அந்தக் குரலைக் கேட்டால் என் வாய் தானாக ஓடும்.

"ஒனக்குத்தான் கெணறு இருக்கே மாப்ளே" என்றேன்.

அவன் சிரித்தான். கண்ணம்மாள் சிரிக்கவில்லை. மழை தூறுகிறது என்று உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அதோ, மூலையில் சாத்தியிருக்கிறது.

கடைசிக் கேள்வி என்ன? இதைத் தடுத்திருக்க முடியுமா. முடியும். ஒரு வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிணறு காய்ந்து கிடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால், அவன் தன் கிணற்றை எட்டிப் பார்த்து, இதில் தண்ணீர் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நின்றிருப்பான். எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. அந்தக் கதையில் நான் சொன்ன பொய் தண்ணீரைப் பற்றித்தான். அது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி நான் எதிலும் தவறவில்லை.